தமிழ், சிங்களம், ஆங்கிலம் கலந்த தளத்துக்கு டேட்டாபேஸ்: பட்டவர்கள் எழுதுங்கள்

வடமராட்சியான்:
எங்கள் நூலகப் பட்டியலை மூன்று மொழியிலும் ஏற்றினோம். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், எழுத்தைச் சேமிக்கும் முறை யூடிஎஃப்-8, எல்லாம் சரி. பழைய நூலகர் வந்து பார்த்தால் 'கழுகு' மேலே, 'கவிதை' கீழே. திரையில் விரலை வைத்து, "தம்பி, வகரம் முடியத்தானே ழகரம் வரவேணும்?" என்றார். ஜகரம் வேறு சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் குந்தியிருந்தது. அமைத்துத் தந்தவர்கள் கொலேஷனை, அதாவது சொற்களை அடுக்கும் விதியை, 'சி' என்று விட்டிருந்தார்கள். அது ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள யூனிகோட் எண்ணைப் பார்த்துத்தான் அடுக்கும். அந்த எண்வரிசை இந்திய மொழிகளுக்கான பழைய இஸ்கி குறியீட்டிலிருந்து வந்தது, நம் நெடுங்கணக்கு அல்ல. தமிழ்ப் பட்டியலுக்கு 'டிஏ-எக்ஸ்-ஐசியு' கொலேஷனைக் கொடுத்ததும் ஒழுங்காகிவிட்டது. போஸ்ட்கிரெஸ் பதிப்பு 10 முதல் இருக்கிறது.

கொங்குக்காரன்:
வரிசை தப்பினால் திருத்திக்கலாம்ங்க, எழுதினதே போய்விட்டால்? இரங்கல் பக்கம் ஒன்றில் ஒரு அம்மா தன் வாத்தியாரைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறார். பதிவானது 'கண்ணீர் அஞ்சலி' மட்டும். அடுத்து அவர் போட்டது கைகூப்பும் எமோஜி. அங்கே இருந்தது மைஎஸ்கியூஎல் என்ற வேறு டேட்டாபேஸ். அதன் பழைய 'யூடிஎஃப்8' ஓர் எழுத்துக்கு 3 பைட்தான் தரும். தமிழும் சிங்களமும் அதில் அடங்கிவிடுவதால் அதுவரை யாருக்கும் உறைக்கவில்லை. எமோஜிக்கு 4 வேண்டும். தப்பான தரவை மறுக்கும் ஸ்டிரிக்ட் மோடும் இல்லை, அதனால் பிழைச்செய்தி வராமலே மிச்சமெல்லாம் வெட்டுப்பட்டுவிட்டது. அந்த அம்மாவிடம் மறுபடி எழுதச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. 4 பைட் தரும் யூடிஎஃப்8எம்பி4 போடுங்கள், மைஎஸ்கியூஎல் 8.0-இல் அதுவே டீஃபால்ட்.

பைட்டுப்பாண்டி:
இரண்டு பேரும் டேட்டாபேஸைப் பேசவில்லை, செட்டிங்கைத்தான் பேசுகிறீர்கள். எனக்கு நடந்தது: 'கொழும்பு' என்று தேடினால் பாதிதான் வந்தது. மீதியில் 'கொ'வின் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக ஏறியிருந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வடமராட்சியான் சொல்லும் ஐசியு கொலேஷன் இதற்கு உதவாது, அது வரிசைக்கு. சமமா என்று பார்க்கையில் போஸ்ட்கிரெஸ் சாதாரணமாக பைட்டைத்தான் ஒப்பிடும். சேமிக்கும் முன்பே என்எஃப்சி ஆக்குங்கள், அதாவது பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேருங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதற்கு 'நார்மலைஸ்' ஃபங்ஷன் உண்டு. அப்புறம், டேபிளில் மொழிக்கு ஒரு நெடுவரிசை என்று வைக்காதீர்கள். நாலாவது மொழி வந்தால் டேபிளையே பிரிக்க வேண்டும். மொழிபெயர்ப்புக்குத் தனி டேபிள், அதில் மொழிக் குறியீடு. பழைய மைஎஸ்கியூஎல் என்றால் 255 எழுத்து நெடுவரிசைக்கு, வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸ் போட முடியாது: 767 பைட் எல்லை, எழுத்துக்கு 4 என்றால் 191தான். சொல்தேடலுக்கு, விகுதியை நீக்கி அடிச்சொல்லைப் பிடிக்கும் தமிழ் ஸ்டெம்மர் போஸ்ட்கிரெஸ் 12-இலேயே வந்துவிட்டது. சிங்களத்துக்கு நீங்களே வழி பார்க்க வேண்டும். பேக்கப்பை வேறு மெஷினில் ஏற்றிப் பார்த்தீர்களா?

வடமராட்சியான்:
நாலாவது மொழி எங்கட நூலகத்துக்கு வரப்போவதில்லை, அண்ணை. 'கொ' மட்டும் இப்போது தேடிப் பார்த்தேன். இரண்டு விதமும் இருக்கிறது.