புதுப்பிப்பு: எல்லையோரத்தில் இஎம்பிஎம்எஸ் கோப்பு முழுதாக வராத சிக்கல்

முன்பு போட்ட கேள்வி இது: எல்டிஇ (4ஜி) ஒளிபரப்பில், அதாவது ஒரே கோப்பைப் பல போன்களுக்கும் ஒருசேர அனுப்பும் இஎம்பிஎம்எஸ் முறையில், அனுப்பும் கோப்பு, இரண்டு கோபுரங்களின் வீச்சு சேரும் இடத்தில் மட்டும் அரைகுறையாக நிற்கிறது, சிக்னலோ நன்றாக இருக்கிறது. பழுதுநீக்கக் குறியீட்டை (தொலைந்த துண்டுகளை மீட்க உதவும் கூடுதல் துண்டுகள்) கூட்டினால் போதும் என்று அப்போது எழுதியிருந்தேன். அது தவறு.

காரணம் நேர ஒத்திசைவு. இந்த ஒளிபரப்புக்குப் பயன்படும் எம்பிஎஸ்எஃப்என் முறையில் எல்லா நிலையங்களும் (கோபுரங்களும்) ஒரே அலையை ஒரே கணத்தில் அனுப்ப வேண்டும். நீட்டிக்கப்பட்ட சைக்ளிக் பிரிஃபிக்ஸ் (தாமதமாக வரும் அலையையும் ஏற்க ஒவ்வொரு குறியீட்டின் முன்னும் விடும் காப்பு நேரம்) தரும் இடைவெளி 16.7 மைக்ரோவினாடி, அதாவது சுமார் 5 கிலோமீட்டர் பாதை வித்தியாசம். ஒரு நிலையத்தின் ஜிபிஎஸ் கடிகாரம் 10 மைக்ரோவினாடி பின்தங்கினால், அதன் அலைக்குத் தாங்கும் பாதை வித்தியாசம் 2 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். அதற்கு மேல் வருவது உதவியல்ல, குறுக்கீடு. அதனால்தான் சிக்னல் அளவு ஏமாற்றுகிறது. எம்சிஎச் (ஒளிபரப்புத் தரவைச் சுமக்கும் தடம்) பிழை விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஒவ்வொரு நிலையத்தின் கடிகாரமும் ஜிபிஎஸ் சிக்னலோடு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நிலையம் போன்களுக்கு அறிவிக்கும் எஸ்ஐபி 2, எஸ்ஐபி 13 தகவல் தொகுப்புகளின் ஒளிபரப்பு அமைப்புகள் எல்லா செல்லிலும் ஒன்றாக உள்ளனவா என்று ஒப்பிடுங்கள். செல்லின் மையத்திலும் பிழை வந்தால் எம்சிஎஸ்ஸை (பண்பேற்றம், குறியீட்டு வீதத்தின் அளவு) குறையுங்கள்.

பழுதுநீக்கக் குறியீட்டின் கணக்கு: 1000 மூலத் துண்டுக்கு 200 கூடுதல் என்றால் 16 சதவீத இழப்பு வரை தாங்கும். ஒளிபரப்பில் மறு அனுப்பல் கிடையாது என்பதால், அதைத் தாண்டினால் ஒளிபரப்பிலிருந்து மட்டும் அந்தத் தொகுதியை மீட்க முடியாது. அப்போது விட்டுப்போனதைக் கேட்டு எல்லா போன்களும் ஒரே நேரத்தில் சர்வரை மொய்க்கும். அதைத் தவிர்க்க, கோப்புப் பழுதுநீக்க அமைப்பில் சீரற்ற காத்திருப்பு நேரத்தை (ஒவ்வொரு போனும் வெவ்வேறு நேரம் காத்திருந்து கேட்கும்படி) கட்டாயம் வையுங்கள்.