எஸ்டேட்டிலிருந்து பார்த்தால் கம்யூனிசமா, சமூக ஜனநாயகமா?

கூடலூர்ப் பையன்:
அப்பா தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் கவ்வாத்து (செடி வெட்டுவது), மருந்தடிப்பு என்று எல்லா வேலையும் பார்த்து போன மாதம் ரிட்டையர் ஆனார். செங்கொடி யூனியன் ஆள், கம்யூனிசம் பேசுபவர். எஸ்டேட் கொடுத்த லயத்து (வரிசைக் குடியிருப்பு) வீட்டுச் சாவியை ஒப்படைத்தால்தான் கிராஜுவிட்டி என்று எஸ்டேட் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். பணம் வந்தால்தானே வேறு வீடு பார்க்க முடியும்? அந்தக் கடுப்பில் ராத்திரி அடுப்படியில் எங்களுக்குள் வாக்குவாதம். ஸ்வீடனின் சமூக ஜனநாயகம் மாதிரி ஓட்டில் ஜெயித்து, வரி போட்டு, ஆஸ்பத்திரி, பென்ஷன் எல்லாம் கொடுத்தால் போதாதா, புரட்சி எதற்கு என்றேன். "தோட்டம் யாருதுடா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். இரண்டு பாதையும் நிஜமாகவே வேறுவேறா?

குன்னூர் டீத்தூள்:
தம்பி, முதலில் வீட்டு விஷயம். கிராஜுவிட்டியை 30 நாளில் கொடுக்க வேண்டும் என்பது 1972 சட்டத்திலிருந்தே இருக்கும் விதி, லேபர் ஆபீஸில் மனு போடுங்கள்.

அப்புறம் உங்கள் கேள்வி. 1899-லேயே ஜெர்மனியில் பெர்ன்ஸ்டைன், ரோசா லக்சம்பர்க் என்ற இரண்டு சோஷலிஸ்டுகள் இதற்குத்தான் அடித்துக்கொண்டார்கள், சீர்திருத்தமே போதுமா, அது புரட்சிக்குப் போகும் வழி மட்டுமா என்று. நான் சீர்திருத்தமே போதும் என்ற பெர்ன்ஸ்டைன் பக்கம். தோட்டம் அரசுடையது ஆனால் தொழிலாளிக்கு விடிந்துவிடும் என்பதை நம்ப முடியவில்லை. 1962-ல் நோவோசெர்காஸ்க் நகரத்தில் விலையேற்றத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்த தொழிலாளிகளைச் சுட்டது சோவியத் அரசுதான். அவ்வளவு தூரம் ஏன், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்காக 1968-ல் ஆரம்பித்த அரசுத் தோட்டங்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. அங்கேயும் லயம் லயம்தான்.

நடுகாணி தோழர்:
சோவியத்தைச் சொன்னால் பேச்சு முடிந்துவிடுமா சார்? அடுத்த மலையில் கேரளாவில் 1957-ல் கம்யூனிஸ்டுகள் ஓட்டில் ஜெயித்துத்தானே வந்தார்கள்? நிலச் சீர்திருத்தம், கல்வி மசோதா என்று செய்ததெல்லாம் நீங்கள் சொல்லும் சமூக ஜனநாயகக் காரியம்தான். அதற்கே 1959-ல் ஆட்சியைக் கலைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அதே வருஷம்தான் ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி கோடஸ்பெர்க்கில் கூடி மார்க்சியத்துக்கு முழுக்குப் போட்டது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், எங்கள் ஆட்களும் நில உச்சவரம்பில் தோட்டங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள்.

ஸ்வீடனையும் முழுசாகப் பாருங்கள். 1932-லிருந்து ஏறக்குறைய 44 வருஷம் சமூக ஜனநாயகக் கட்சிதான் ஓட்டில் ஜெயித்து ஆட்சியில் இருந்தது. கடைசியில் அவர்களும் உங்கள் அப்பா கேட்ட கேள்விக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். மெய்ட்னர் என்ற தொழிற்சங்கப் பொருளாதார நிபுணர், கம்பெனி லாபத்தில் ஒரு பங்கை ஷேராகத் தொழிலாளர் நிதியில் சேர்த்துக்கொண்டே போனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பெனியே தொழிலாளி கைக்கு வந்துவிடும் என்றார். 1976-ல் தொழிற்சங்க மாநாடு அதை ஏற்றது. முதலாளிகள் கொதித்துப்போய்த் தெருவுக்கே வந்து ஊர்வலம் போனார்கள். 1983-ல் தண்ணி ஊற்றிய சட்டமாக வந்து, 1991-க்குப் பிறகு வந்த வலதுசாரி ஆட்சியில் கலைந்துபோனது.

கோத்தகிரிக்காரி:
எங்களுக்கு ஒண்ணரை ஏக்கர், கொழுந்து போடுவது கூட்டுறவு சொசைட்டி பாக்டரியில். பேப்பர்படி நானும் அந்த பாக்டரிக்கு ஓனர். ஆனால் விலையை முடிவு செய்வது ஏலம், அதனால் யாருடையது என்ற கேள்வியோடு நின்றால் பாதிதான் கேட்டிருக்கிறீர்கள். இன்னொன்று, ஸ்வீடனில் பென்ஷன் குடிமக்கள் எல்லோருக்கும். இங்கே 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டையும் ஆஸ்பத்திரியையும் முதலாளி தலையில் கட்டியது, அதனால் வேலை போனால் வீடும் போகிறது. இது இரண்டு பாதையிலும் சேராது.

கூடலூர்ப் பையன்:
மனு எழுதியாச்சு குன்னூர் அண்ணா, நாளைக்குப் போகிறேன். அப்பாவிடம் மெய்ட்னர் கதையைச் சொன்னேன். "பாத்தியா, அங்கயும் அந்த எடத்துல வந்துதான் தடுத்திருக்கானுங்க" என்றார். கோத்தகிரி அக்கா சொன்னதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. சாவியை இன்னும் கொடுக்கவில்லை.