ஆலிசன் 1000: மூன்று ஸ்பீடு சென்சார்கள், எது எங்கே, எது என்ன சொல்கிறது?

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீடோமீட்டர் முள் சட்டென்று கீழே விழுந்தது, கியரும் மாறாமல் அப்படியே நின்றுவிட்டது. ஸ்கேனரில் வந்த கோளாறுக் குறியீடு பி0722. உடனே "ஸ்பீடு சென்சாரை மாத்துங்க" என்றார்கள். எதை மாற்றுவது? ஆலிசன் 1000 என்ற இந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் மூன்று இருக்கின்றனவே.

வண்டிக்கு அடியில் படுத்து முன்னாலிருந்து பின்னால் பார்த்துக்கொண்டே போனால் மூன்றும் வரிசையாகத் தெரியும். இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர்; அதன் கூட்டில் இருப்பது இன்புட் சென்சார், இன்ஜின் வேகத்தைப் படிக்கும். நடு உடலில் இருப்பது டர்பைன் சென்சார், கன்வெர்ட்டரிலிருந்து கியர்களுக்குள் போகும் வேகத்தைப் படிக்கும். வால்பகுதியில் இருப்பது அவுட்புட் சென்சார், சக்கரங்களுக்குப் போகும் வேகத்தைப் படிக்கும்; பி0722 இதைப் பற்றியதுதான். மூன்றும் இரண்டு வயர் வகை: உள்ளே ஒரு காந்தம், ஒரு காயில். எதிரே சுற்றும் பாகத்தின் பல்லோ மேட்டு வரியோ கடக்கும்போது தானே மின்துடிப்பை உண்டாக்கும்.

எதையும் கழற்றும் முன் ஸ்கேனரில் மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதுவே பாதி வேலை. நியூட்ரலில் நிற்கும்போது டர்பைன் ஏறக்குறைய இன்ஜின் வேகத்தில் சுற்றும். பிரேக்கை மிதித்து டி-யில் போட்டால் பூஜ்யமாகிவிடும். இதைப் பார்த்துப் பயந்து நல்ல சென்சாரை மாற்றியவர்கள் உண்டு. கியர் விழுந்து சக்கரம் நிற்கும்போது டர்பைனும் நிற்கத்தான் வேண்டும்.

அப்புறம் நான்காம் கியர். அதன் விகிதம் 1:1. லாக்கப் பிடித்து (கன்வெர்ட்டர் நழுவாமல் இன்ஜினோடு பூட்டிக்கொண்டு) சீராக ஓடும்போது மூன்று எண்களும் ஒன்றாகவே இருக்கும். எனக்கு இரண்டு சரியாக நின்றன, அவுட்புட் மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்து விழுந்து எழுந்தது. கனெக்டரைக் கழற்றினால் ஒரு பின்னில் பச்சைப் பாசி மாதிரி துரு. சுத்தம் செய்து, தளர்ந்த டெர்மினலை மாற்றியதும் சரியாகிவிட்டது. சென்சார் பழையதேதான்.

———

அண்ணா, எனக்கு வந்தது பி0716, டர்பைன் சென்சார் பற்றியது. நீங்கள் சொன்ன மாதிரிதான் பார்த்தேன். முதல் கியரின் விகிதம் 3.10, அதனால் அவுட்புட் 500 என்றால் டர்பைன் 1550 காட்ட வேண்டும். குறைந்த வேகத்தில் கணக்குச் சரியாக வந்தது, குலுங்கினால் மட்டும் டர்பைன் எண் தாவியது. சைலன்சர் குழாய்ப் பக்கம் வயரின் உறை உருகி, உள்ளே செம்பு தெரிந்தது. மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு வயரை ஆட்டிப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

———

உண்மையிலேயே சென்சார் போயிருந்தால் கழற்றுவது சுலபம், ஒரே ஒரு போல்ட். ஆனால் முதலில் சுற்றிலும் நன்றாகத் துடைத்துவிடுங்கள், மண் உள்ளே விழுந்தால் பெரிய வேலை. ஓ-ரிங் புதிதாகப் போட்டு, கியர் ஆயில் அல்ல, டிரான்ஸ்மிஷன் ஆயிலையே தடவி இறக்குங்கள். வெளியே வந்ததும் அதன் நுனியைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை இருந்தால் கவலையில்லை. கையில் குத்தும் இரும்புச் சில்லு ஒட்டியிருந்தால் புது சென்சார் போட்டு ஓட்டாதீர்கள், கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டை இறக்கிப் பாருங்கள்.