கடல் வெள்ளையா எரியுமா? குடும்பக் குழுவில் ஒரு பேச்சு

பிரியா: [வீடியோ] இதுதான் பால்கடலாம்!! அலை எப்படி நீலமா மின்னுது பாருங்க

சுதா அத்தை: அம்மாடி! பெருமாள் பள்ளிகொண்ட பாற்கடல் நிஜமாவே இருக்கா 🙏

ரவி மாமா: வீடியோ நிஜம் பிரியா, தலைப்புதான் தப்பு. அலை உடையுற இடத்துல மட்டும் பளிச்னு மின்னி உடனே அணையுது பாரு. நாக்டிலூகா மாதிரி ஒரு செல் உயிரிங்க வேலை அது. தண்ணி குலுங்கினா மின்னும்.

ரவி மாமா: பால்கடல்னா அலைகூட வேணாம். அடிவானம் வரைக்கும் ஒரே சீரா, அணையாம வெளிச்சம் இருக்கும். பனி வயல் மேல கப்பல் போற மாதிரி இருந்துச்சுன்னு மாலுமிங்க எழுதி வெச்சிருக்காங்க.

கார்த்திக்: கடற்கன்னியைப் பாத்ததும் அதே மாலுமிங்கதானே மாமா 😄

ரவி மாமா: ரொம்ப காலம் அப்படித்தான்டா யாரும் சட்டை பண்ணலை. 1995 ஜனவரி 25 ராத்திரி, லிமான்னு ஒரு பிரிட்டிஷ் சரக்குக் கப்பல். சோமாலியாவுக்குக் கிழக்கே போயிட்டிருந்தப்போ இந்த வெளிச்சத்துக்குள்ள மாட்டிச்சு. தாண்டி வர 6 மணி நேரம் ஆச்சுன்னு பதிவு இருக்கு.

பிரியா: எழுதி வெச்சா நம்பிடணுமா? ஃபார்வர்டும் எழுதினதுதான் 😏

ரவி மாமா: கேள்வி சரிதான். ஸ்டீவன் மில்லர்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி, அந்த ராத்திரி செயற்கைக்கோள் எடுத்த படங்களைத் தேடி எடுத்து அலசினார். 2005-ல வெளியிட்டாங்க. லிமா நுழைஞ்ச இடம், வெளிய வந்த இடம் ரெண்டும் படத்துல தெரிஞ்ச ஒளித்திட்டோட ஓரத்துல அப்படியே பொருந்துது. 15,400 சதுர கி.மீ.! தொடர்ந்து 3 ராத்திரி தெரிஞ்சிருக்கு.

கார்த்திக்: சரி, கடற்கன்னியை வாபஸ் வாங்கிக்கறேன்

சுதா அத்தை: எரியறது எதுப்பா? எண்ணெயா?

ரவி மாமா: பாக்டீரியா அக்கா. 1985-ல அரபிக்கடல்ல ஒரு கப்பல் இந்தத் தண்ணியை மொண்டு சோதிச்சப்போ விப்ரியோ ஹார்வேயி கிடைச்சுது. பாசி மேல ஒட்டிட்டிருந்துது.

நிவேதா: இது எங்க பாடத்துலயே இருக்கு மாமா, குவாரம் சென்சிங்! ஒத்தையா இருந்தா ஒளிராது. ஒவ்வொண்ணும் ஒரு வேதிப்பொருளை வெளிய விட்டுட்டே இருக்கும். கூட்டம் பெருகி அந்தப் பொருள் ஒரு அளவைத் தாண்டினதும் எல்லாம் ஒண்ணா ஒளிர ஆரம்பிச்சிடும்.

பிரியா: வெளிச்சம் போட்டு அதுக்கு என்ன லாபம்?

நிவேதா: மீன் வந்து சாப்பிடணும்னுதான்னு ஒரு கருத்து. மீன் குடல்ல அதுங்க சொகுசா வாழும்

கார்த்திக்: தின்னுங்கன்னு லைட் போட்டுக் கூப்பிடுதா!! 😳

ரவி மாமா: 2019 கதையையும் கேளுங்க. ஜாவா தீவுக்குத் தெற்கே 1 லட்சம் சதுர கி.மீ.க்கு மேல, 40 ராத்திரிக்கு மேல ஒளிர்ந்துது. கணேஷான்னு ஒரு பாய்மரப் படகு தெரியாமலே அதுக்குள்ள போயிருக்கு.

சுதா அத்தை: கணேஷாவா! பிள்ளையாரே 🙏🙏

ரவி மாமா: அவங்க ஒரு பக்கெட் தண்ணி மொண்டு பாத்திருக்காங்க. உள்ள சின்னச் சின்னப் புள்ளியா, அணையாம வெளிச்சம். கலக்கினா மங்குச்சாம்! பிரியா வீடியோவுல நேர் எதிர், அங்க குலுங்கினாத்தான் மின்னுது. பால்கடலைக் கடல் மட்டத்துலேர்ந்து எடுத்த முதல் போட்டோவும் அவங்களோடதுதான். 2022-ல ஆய்விதழ்ல வந்துது.

பிரியா: அப்போ எங்க எப்ப வரும்னு முன்னாடியே சொல்லிடலாமா?

ரவி மாமா: அதுக்குத்தான் முயற்சி பண்றாங்க. 400 வருஷத்து மாலுமிப் பதிவுகளையும் செயற்கைக்கோள் படங்களையும் 2025-ல ஒரே தொகுப்பா ஆக்கிட்டாங்க. அரபிக்கடலும் இந்தோனேசியாப் பக்கமும்தான் அதிகம். கையில தண்ணி மாதிரிகள்தான் போதலை, கப்பல் போய்ச் சேர்றதுக்குள்ள வெளிச்சம் போயிடுது.

சுதா அத்தை: அந்தப் படகு எடுத்த போட்டோ இருந்தா போடு ரவி. பிரியா, நீ அந்த வீடியோவை மாமியார் குரூப்புக்கு அனுப்பிடாதே

பிரியா: அனுப்பிட்டேன் அத்தை 🙈