அபராதமா, மானமா? தில்லி எல்லையில் விவசாயிகளை ஓராண்டுக்கு மேல் நிறுத்தியது எது?

ஆற்றுப்படை:

விளைபொருள் விற்பனையைத் தனியாருக்குத் திறந்துவிட்ட மத்திய அரசின் மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து 2020 நவம்பர் 26 அன்று தில்லி நோக்கிக் கிளம்பிய பஞ்சாப், ஹரியானா விவசாயிகள், சட்டங்கள் ரத்தாகி 2021 டிசம்பர் 11 அன்று ஊர் திரும்பத் தொடங்கும்வரை தில்லியின் சிங்கு, டிக்ரி எல்லைகளை விட்டு நகரவில்லை. இதை உணர்ச்சிப் பெருக்கின் வெற்றி என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொருளியல் அறிஞர் மான்கர் ஓல்சன் 1965இல் முன்வைத்த வாதம் எளிமையானது. சட்டம் ரத்தானால் பலன் போராடியவருக்கும் கிடைக்கும், வீட்டில் இருந்தவருக்கும் கிடைக்கும். ஆகவே கூட்டம் பெரிதாகப் பெரிதாக, மற்றவர் போகட்டும் என்று ஒவ்வொருவரும் ஒதுங்கவே பார்ப்பார். வந்தவருக்கு மட்டும் ஒரு நன்மையோ, வராதவருக்கு மட்டும் ஒரு தண்டனையோ இருந்தால்தான் அந்தக் கூட்டம் நிலைக்கும். பட்டிண்டா மாவட்டத்து விர்க் குர்த் கிராமப் பஞ்சாயத்து 2021 ஜனவரி இறுதியில் செய்தது இதைத்தான். வீட்டுக்கு ஒருவர் ஒரு வாரம் எல்லைக்குப் போக வேண்டும், போகாத வீட்டுக்கு 1,500 ரூபாய் அபராதம், அதையும் கட்டாதவர்களை ஊர் விலக்கி வைக்கும் என்று தீர்மானம் போட்டார்கள். நம் ஊர்களில் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல.

நெய்தல்வாசி:

ஆற்றுப்படை அவர்களே, அந்தத் தீர்மானம் எப்போது வந்தது என்று பாருங்கள். ஜனவரி 26 டிராக்டர் பேரணியின்போது ஒரு பகுதியினர் செங்கோட்டைக்குள் புகுந்ததால் போராட்டமே ஆட்டம் கண்ட பிறகு வந்தது. அதற்கு முந்தைய இரண்டு மாதங்கள், கடுங்குளிரில், டிராலிக்கு மேல் தார்ப்பாய் கட்டிப் படுத்துக் கிடந்தவர்களை எந்த அபராதம் அங்கே வைத்திருந்தது? போராட்டக் காலத்தில் எழுநூறு பேர் வரை உயிரிழந்ததாக விவசாயச் சங்கங்களின் கூட்டமைப்பான சம்யுக்த கிசான் மோர்ச்சா கணக்குச் சொன்னது. லாப நட்டம் மட்டுமே பார்ப்பவர் 1,500 ரூபாயைக் கட்டிவிட்டு வீட்டிலேயே இருந்திருப்பார்.

ஜனவரி 28 அன்று தில்லி–உத்தரப் பிரதேச எல்லையான காஜிப்பூரில் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், மின்சாரமும் தண்ணீரும் நின்றுவிட்டன, போலீஸ் குவிந்திருந்தது, கூட்டமும் கரையத் தொடங்கியிருந்தது. பாரதிய கிசான் யூனியன் என்ற விவசாயச் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான ராகேஷ் திகைத் கேமராக்களுக்கு முன்னால் உடைந்து அழுதார். ஊரிலிருந்து விவசாயிகள் கொண்டுவரும் தண்ணீரைத்தான் குடிப்பேன் என்றார். அன்றிரவே மேற்கு உத்தரப் பிரதேசக் கிராமங்களிலிருந்து டிராக்டர்கள் புறப்பட்டன. ஊர்த் தண்ணீரைக் குடங்களிலும் கேன்களிலும் நிரப்பிக்கொண்டு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். குடத்தோடு வந்தவருக்கு அதில் தனிப்பட்ட ஆதாயம் என்ன? மானம் என்ற ஒன்றை மனிதர்களின் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் எந்த இயக்கத்தையும் விளக்க முடியாது.

ஆற்றுப்படை:

அவர் அழுததை நாடே பார்த்தது. ஆனால் டிராக்டர்கள் கிளம்பியது பாரதிய கிசான் யூனியனும் காப் பஞ்சாயத்து எனப்படும் சாதி ஊர்க்கூட்டங்களும் வேரூன்றிய ஊர்களிலிருந்துதான். அவருடைய தந்தை மகேந்திர சிங் திகைத் 1988இல் தில்லி போட் கிளப்பில் லட்சக்கணக்கானோரைத் திரட்டி உட்கார வைத்த காலத்துப் பிணைப்பு அது. பெரிய கூட்டம் ஊர் ஊராகப் பிரிந்து இயங்கும்போது முகம் தெரிந்தவர்களின் நெருக்குதலே ஆட்களை அசைத்துவிடும் என்பதை ஓல்சனும் ஏற்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் போய்விட்டார், நான் மட்டும் எப்படி வீட்டில் இருப்பது என்ற நெருக்குதலைத்தான் நீங்கள் மானம் என்கிறீர்கள்.

குறிஞ்சி:

இருவரும் நிலம் உள்ளவர்களைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். 2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாப் மக்களில் ஏறத்தாழ 32 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். அவர்களில் பெரும்பாலோருக்கு நிலம் கிடையாது. 2020 கோடையில், ஊரடங்கால் வெளிமாநிலத் தொழிலாளர்கள் வராமல் நாற்று நட ஆள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பஞ்சாபின் பல பஞ்சாயத்துகள் ஏக்கருக்கு இவ்வளவுதான் நடவுக் கூலி என்று உச்சவரம்பு விதித்தன. மீறுபவர்களை ஊர் விலக்கி வைக்கும் என்று சில இடங்களில் மிரட்டவும் செய்தன. கூலி கேட்பவர்களை அடக்கிய அதே கருவிதான் சில மாதங்களில் எல்லைக்கு ஆள் அனுப்பவும் பயன்பட்டது. ஆகவே இந்த அபராதத்தை ஒரு சங்கத்தின் உறுப்பினர் விதியைப் போலக் கருதுவது சரியாகப் படவில்லை. நிலமும் பஞ்சாயத்தும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்கள் கையில் நெடுங்காலமாக இருந்துவரும் அதிகாரம் இது.

இன்னொன்றும் உண்டு. மண்டி எனப்படும் விளைபொருள் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் சட்டத்தைப் பீகார் 2006இலேயே ரத்து செய்துவிட்டது. அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலைக்குக் கீழே நெல்லை விற்கும் கொடுமை அங்கே பரவலாக உண்டு. ஆனாலும் எல்லையில் பீகார் விவசாயிகள் பெருந்திரளாக இல்லை. மண்டியும் அரசுக் கொள்முதலும் இருந்த பஞ்சாபில்தான், இருப்பது பறிபோகும் என்ற அச்சமும் அதைப் போராட்டமாக மாற்றும் சங்கங்களும் ஒருங்கே இருந்தன.

நெய்தல்வாசி:

கூலி உச்சவரம்பு பற்றிக் குறிஞ்சி சொன்னது முக்கியமானது. அது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. ஒரே பஞ்சாயத்து கூலியாட்களை அடக்கவும் சட்டத்தை எதிர்க்கவும் பயன்படும் என்றால், அது எந்தப் பக்கம் திரும்பும் என்பதை வேறொன்று தீர்மானிக்கிறது. 2013இல் முசாபர்நகர் வட்டாரத்தில் ஜாட் சாதியினரையும் முஸ்லிம்களையும் பிளந்த கலவரத்துக்கு முன்பும் மகாபஞ்சாயத்துகள் கூடத்தான் செய்தன. 2021 ஜனவரி 29 அன்று அதே முசாபர்நகரில் கூடிய மகாபஞ்சாயத்தில், முஸ்லிம் விவசாயத் தலைவர் குலாம் முகம்மது ஜோலா மேடையேறி அந்தக் கலவரத்தை வெளிப்படையாகச் சுட்டிப் பேசினார். செப்டம்பர் 5 கூட்டத்தில் 'அல்லாஹு அக்பர்', 'ஹர ஹர மகாதேவ்' என்ற இரண்டு முழக்கங்களையும் திகைத் ஒரே மேடையில் எழுப்பினார். சங்கமும் காப் பஞ்சாயத்தும் அப்படியேதான் இருந்தன. நம்மவர் யார் என்ற எண்ணம்தான் மாறியது.

ஆற்றுப்படை:

அந்த எண்ணம் மாறியதற்கும் காரணம் வேண்டும் அல்லவா? ஜாட்டும் முஸ்லிமும் கரும்பை ஒரே ஆலைக்குத்தான் போடுகிறார்கள். மாநில அரசு மூன்று பருவங்களாகக் கரும்பு விலையை உயர்த்தவில்லை. ஆலைகளோ நிலுவை வைத்திருந்தன. மறுஆண்டுத் தேர்தலை எதிர்நோக்கியிருந்த அரசு, முசாபர்நகர் கூட்டம் நடந்த அதே செப்டம்பரில் குவிண்டாலுக்கு 25 ரூபாய் உயர்த்தியது. நெய்தல்வாசி அவர்கள் சொல்லும் அந்த இரட்டை முழக்கத்தை 2014இலேயே ஒருவர் எழுப்பியிருந்தால் எத்தனை பேர் திருப்பிச் சொல்லியிருப்பார்கள் என்பதை அவர் விளக்கட்டும். அதன்பின் மேலே பேசுவோம்.