மறு: சோலார் ஹீட் கெயின் கோஎஃபிஷியன்ட், தமிழில் என்ன?

நண்பர்களே,

கண்ணாடி வழியே வெயில் எவ்வளவு வெப்பமாக உள்ளே வருகிறது என்று காட்டும் ‘சோலார் ஹீட் கெயின் கோஎஃபிஷியன்ட்’டுக்கு, ‘சூரிய வெப்ப ஆதாயக் குணகம்’ என்ற பெயரை முந்தைய மடலில் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. குளிர்நாட்டுக்காரருக்கு வேண்டுமானால் அது ஆதாயம். சென்னையில் மேற்கு பார்த்த கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம் போய் ஆதாயம் என்றால் அடிக்க வருவார்.

நானே அப்படி உட்கார்ந்தவன்தான். பழைய மாமல்லபுரம் சாலையில் ஓர் அலுவலகம். ஏசி 24இல்தான் ஓடும். மூன்று மணிக்கு மேல் கண்ணாடியோரம் இருந்தவர்களுக்கு முதுகு காந்தும்; நடு வரிசையில் இருந்தவர்கள் சால்வை போர்த்தியிருப்பார்கள். பிறகு யாரோ தெர்மாகோல் அட்டையை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டினார்கள். வெளிச்சமும் போயிற்று, பகலிலேயே எல்லா விளக்கும் எரிந்தது. வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடி!

சொல்லுக்கு வருகிறேன். என் பரிந்துரை: வெயில்புகு எண். கண்ணாடியின் மேல் விழும் வெயிலில் எத்தனை பங்கு உள்ளே வெப்பமாக வந்து சேர்கிறது என்பதே இந்த எண். பூச்சில்லாத 6 மி.மீ. கண்ணாடிக்குச் சுமார் 0.8. சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில், 10 சதுர மீட்டர் கண்ணாடி என்று வைத்துக்கொண்டால் 4.8 கிலோவாட் உள்ளே வரும். ஒரு டன் ஏசி இழுத்து வெளியே தள்ளுவது 3.5 கிலோவாட்தான். அதே இடத்தில் 0.27 உள்ள கண்ணாடி போட்டால் 1.6 கிலோவாட்.

‘புகு’ என்றால் நேராக ஊடுருவுவது மட்டும்தானே, கண்ணாடி தானே சூடாகி உள்ளே விடும் வெப்பம் என்ன ஆவது என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஆனால் சுவரேறி வந்தாலும் கதவு வழியே வந்தாலும் புகுந்தது புகுந்ததுதான். ‘வெயிலேற்பு’ என்றால்தான் சிக்கல்: கண்ணாடி தனக்குள் வாங்கிக்கொள்வது என்றாகிவிடும். அப்புறம், வெயில் என்ற சொல்லில் சூடும் சேர்ந்தே இருக்கிறது. ‘சூரிய வெப்பம்’ என்று இரண்டாகப் பிரிக்க வேண்டியதில்லை.

இன்னொரு வசதி, விழும் வெளிச்சத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதற்கு, இதற்கு இணையாக ‘ஒளிபுகு எண்’ கிடைக்கிறது. நம் ஊருக்கு வேண்டிய கண்ணாடி, வெயில்புகு எண் குறைந்தும் ஒளிபுகு எண் கூடியும் இருக்க வேண்டும். ஒரே வரியில் சொல்லிவிடலாம், பாருங்கள். இந்தியாவின் 2017ஆம் ஆண்டுக் கட்டட எரிசக்தி விதித்தொகுப்பும் இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்டது. அதில் 15 பாகை அட்சரேகைக்குத் தெற்கே வடக்குச் சன்னலுக்கும் வெயில்புகு எண்ணின் உச்சவரம்பு 0.27தான். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்பதை நினைத்தால் காரணம் புரியும்.

‘குணகம்’ வேண்டும் என்பவர்களோடு சண்டை இல்லை. ‘ஒளிவிலகல் எண்’ பள்ளிக்கூடத்திலேயே பழகியதால் எனக்கு ‘எண்’ போதும்.

உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தால் கண்ணாடி வழியே எவ்வளவு வெப்பம் கடக்கும் என்று சொல்லும் யு-வேல்யூவுக்கு, முந்தைய மடலில் ‘வெப்பக் கடத்து எண்’ என்று போட்டிருந்தீர்கள். அது பொருளின் வெப்பக் கடத்துத்திறனோடு குழம்பும். அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோமா?