குறைத்திருப்பமா, குறைதிரும்பலா?

ஏட்டுவேலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விரைவுக் கார்களை வளைவுகளில் இன்னும் நன்றாக ஓடவைப்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஆறு அத்தியாயங்கள் முடிந்தன, ஏழாவதில் அப்படியே நிற்கிறேன். ஹேண்ட்லிங், அண்டர்ஸ்டீயர், ஓவர்ஸ்டீயர், ஸ்லிப் ஆங்கிள், ஆன்டி ரோல் பார் ஆகிய ஐந்துக்கும் சொல் வேண்டும். இப்போதைக்குக் கையாளுமை, குறைத்திருப்பம், மிகைத்திருப்பம், வழுக்குக் கோணம், உருள்தடுப்புத் தண்டு என்று போட்டு வைத்திருக்கிறேன். எதுவும் மனசுக்கு ஒட்டவில்லை.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இரண்டு வரி. ஸ்டீயரிங்கை ஒடித்த அளவுக்கு வண்டி திரும்பாமல் மூக்கு வளைவுக்கு வெளியே போனால் அண்டர்ஸ்டீயர். கேட்டதைவிட அதிகமாகத் திரும்பி வால் வெளியே வீசினால் ஓவர்ஸ்டீயர். ஓட்டுநர் கேட்டபடி வண்டி நடந்துகொள்ளும் பாங்கு ஹேண்ட்லிங், வளைவில் வண்டியின் உடல் சாய்வதைக் குறைக்கும் தண்டு ஆன்டி ரோல் பார். உதவுங்கள்.

எளியதமிழ் எழுதியது:

அம்மா, இந்தக் கையேட்டை வாங்கப்போகிறவர் ஆக்சில், பேரிங், ஷாக் அப்சார்பர் என்று நாள் முழுக்கப் பேசுகிறவர். அண்டர்ஸ்டீயர் என்றே விட்டால் அவருக்கு ஒரு தடங்கலும் இல்லை. முதல் பக்கத்திலேயே நான்கு புதுச்சொல் வந்தால் நூலை மூடிவைத்துவிடுவார். தமிழில்தான் வேண்டும் என்றால் ஓட்டுகிறவர்கள் பேச்சிலிருந்து எடுங்கள். 'மூக்கு போகுது', 'வால் வீசுது' என்கிறோம். மூக்கோட்டம், வால்வீச்சு என்று வைத்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

காரைக் கார் என்றே எழுதியது நல்லது. அதையும் மாற்றச் சொல்லி யாராவது வருவார்கள், இணங்க வேண்டாம்.

வேர்ச்சொல் எழுதியது:

மூக்கோட்டம் என்று படித்தால் சளிதான் நினைவுக்கு வரும். வால்வீச்சு நல்ல சொல், அதற்கு நான் எதிரியில்லை.

என் மனக்குறை கையாளுமை மேல்தான். ஆங்கிலச் சொல்லுக்குள் இருக்கும் கையைப் பிடுங்கி இங்கே நட்டிருக்கிறோம். வண்டியை ஓட்டுவதற்கு நம்மிடம் பழைய வினைகள் உண்டு. புறநானூறு 185ஆம் பாட்டில் தொண்டைமான் இளந்திரையன் நாட்டைச் சாகாடாகவும் (வண்டியாகவும்) அரசனை அதை ஓட்டுகிறவனாகவும் வைக்கிறார். ஓட்டுகிறவன் அங்கே 'உகைப்போன்'. ஓட்டத் தெரியாதவனை 'உய்த்தல் தேற்றான்' என்கிறார். தெரிந்தவன் ஓட்டினால் வண்டி ஊறில்லாமல் வழியோடு போகும், தெரியாதவன் கையில் சேற்றில் சிக்கும். ஹேண்ட்லிங் என்பதன் பொருள் முழுக்க இதில் அடங்கியிருக்கிறது. ஆகவே உய்ப்பு. உய்க்க எளிதான வண்டி நல்லுய்ப்பு வண்டி.

சக்கரத்துக்கும் அதே பாட்டில் சொல் இருக்கிறது. 'கால்பார் கோத்து' என்று தொடங்குகிறது. கால் என்றால் சக்கரம். 'கால்வல் நெடுந்தேர்' என்று குறள் 496இலும் அதுவே. ஓட்டுநருக்கு வலவன். 'வலவன் ஏவா வானவூர்தி' என்று புறம் 27இல் ஓட்டுநர் இல்லாமல் வானத்தில் போகும் ஊர்தியே வந்துவிட்டது. இந்த வலவனில் இருப்பது வலப்பக்கமா, வல்லமையா என்று எனக்கு நெடுநாள் யோசனை. வல்லமை என்றே படுகிறது. ஏவுகிறவன் வல்லவனாக இருந்தால்தானே வண்டி கேட்கும்? இதைத் தனியாக விரிவாக எழுதுகிறேன்.

இலக்கணப்பித்தன் எழுதியது:

ஐயா, உய்ப்பு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு உய் என்றதும் உயிர் பிழைப்பதுதான் கண்முன் வருகிறது. உய்ந்தான் என்றால் தப்பினான், உய்த்தான் என்றால் செலுத்தினான். ஒரு 'ந்', ஒரு 'த்'. அந்த வேறுபாட்டைக் காதில் வாங்கும் வாசகர் எத்தனை பேர்?

ஏட்டுவேலை அம்மாவுக்கு: குறைத்திருப்பம் என்று ஒற்று மிகுத்து எழுதினால் குறை பெயர்ச்சொல் ஆகிவிடுகிறது. குறைப்பிரசவம் போல, குறையுடைய திருப்பம். நமக்கு வேண்டியது குறைகுடத்தில் வரும் குறை. குறைந்த, குறைகிற, குறையும் குடம் என்று முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை, அங்கே வலி மிகாது. எனவே குறைதிருப்பம். மிகை என்பதும் பெயர்தான், வினையடி மிகு. ஆகவே மிகுதிருப்பம். குறைதிருப்பம், மிகுதிருப்பம் என்று இரண்டும் ஒரே அச்சில் வார்த்தது போல நிற்கும்.

எளியதமிழ் எழுதியது:

ஒரு 'த்' போனதால் பட்டறையில் யாருக்கு என்ன தெளிவு வந்துவிடப்போகிறது என்று எனக்குப் புரியவில்லை.

வாத்தியார் எழுதியது:

நண்பர்களே, ஓட்டுநர் பயிற்சியில் இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்துகிறேன். ஒற்று பிரச்சினை இல்லை, திருப்பம்தான் பிரச்சினை. பிள்ளைகளிடம் நானும் குறைத்திருப்பம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு பையன், மூக்கு வெளியே போகப் போக ஸ்டீயரிங்கை இன்னும் இன்னும் ஒடித்துக்கொண்டே போனான். நிறுத்தி ஏன் என்று கேட்டேன். "குறைத்திருப்பம்னு சொன்னீங்களே சார், குறைவா திருப்பிட்டேன்னு நினைச்சு அதிகமாத் திருப்பினேன்" என்றான். தப்பு அவனுடையதில்லை, நான் கொடுத்த சொல்லுடையது. அந்தச் சொல் குற்றத்தை அவன் கைமேல் வைத்துவிட்டது.

அந்த நேரத்தில் முன் டயர்கள் பிடிமானத்தின் உச்சத்தைத் தாண்டிவிட்டன. மேலும் ஒடித்தால் பிடிமானம் இன்னும் குறையும். செய்ய வேண்டியது நேர் எதிர்: ஆக்சிலரேட்டரை மெதுவாகத் தளர்த்து, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் விடு, டயர் மறுபடி பிடிக்கட்டும்.

அவன் திருப்பியது ஓர் அளவு, வண்டி திரும்பியது வேறோர் அளவு. திருப்புவது பிறவினை, ஓட்டுகிறவன் வேலை. திரும்புவது தன்வினை, வண்டியின் வேலை. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்துக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். ஆங்கிலச் சொல்லில் இந்தப் பிரிவு தெரியாது. நம் மொழியில் ம், ப் என்ற ஒரே எழுத்தில் தெரிகிறது. அதை ஏன் விட வேண்டும்? குறைதிரும்பல், மிகுதிரும்பல் என்று வையுங்கள்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. ஸ்டீயரிங்கின் உச்சியில் வெள்ளை நாடா ஒட்டுவேன். திறந்த மைதானத்தில் 30 மீட்டர் ஆரத்தில் கூம்புகளை வட்டமாக வைத்து, அந்தக் கோட்டை விடாமல் வலப்பக்கமாகச் சுற்றச் சொல்வேன். ஊர்ந்து போகும்போது நாடா கடிகாரத்தில் இரண்டு மணிக்குச் சற்றுத் தள்ளி நிற்கும். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 50 கி.மீ.யைத் தாண்டும்போது அதே கோட்டில் இருக்க நாடா மூன்று மணிக்கு, இன்னும் கீழே என்று இறங்கும். வட்டம் அதேதான், கைமட்டும் கூடுதலாகக் கேட்கிறது. அதுதான் குறைதிரும்பல். சில வண்டிகளில் நாடா இருந்த இடத்திலேயே இருக்கும். மிகுதிரும்பும் வண்டியில் அது மேலே ஏறும், கையைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த நாடாவைப் பார்த்தவனுக்கு அப்புறம் விளக்கமே தேவைப்படவில்லை.

இலக்கணப்பித்தன் எழுதியது:

வாத்தியார் ஐயா, ஒப்புக்கொண்டேன். ஒற்றைப் பிடித்துக்கொண்டு வினைப்பகுதியைக் கோட்டைவிட்டேன். குறைதிரும்பலிலும் வினைத்தொகை அப்படியே நிற்கிறது, ஒற்று மிகாது. அது போதும் எனக்கு.

ஏட்டுவேலை எழுதியது:

ஐயா, அந்தப் பையன் கதையைப் படித்ததும் முதல் அத்தியாயத்திலிருந்தே சொல்லை மாற்றத் தொடங்கிவிட்டேன். இதே காரணம் கையேட்டிலும் ஓரிடத்தில் வருகிறது. பின்னால் எஞ்சின் உள்ள போர்ஷே 911இல் 1969 மாடலுக்காக, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரத்தை 2211 மி.மீ.யிலிருந்து 2268 மி.மீ.யாக நீட்டினார்கள். எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்க, பின்சக்கரம் 57 மி.மீ. பின்னுக்குப் போனது. வளைவில் திடீரென்று வால் வீசும் குணம் தணிந்தது. ஓட்டுநர் கையில் ஒரு மாற்றமும் இல்லை, வண்டி திரும்பும் விதம்தான் மாறியது. இங்கே மிகைத்திருப்பம் என்று எழுதியிருந்தேன். இப்போது படித்தால் பொருளே தலைகீழாக இருக்கிறது.

வழுக்குக் கோணத்துக்கும் உருளுக்கும் வழி சொல்லுங்கள்.

வாத்தியார் எழுதியது:

வழுக்குக் கோணம் வேண்டவே வேண்டாம். சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் இடையிலான கோணம் அது. சாதாரண வளைவில் டயர் வழுக்குவதே இல்லை. தரையைத் தொடும் ரப்பர் பக்கவாட்டில் முறுக்கிக்கொடுப்பதால்தான் அந்த விலகல். அது இல்லாமல் பக்கப்பிடிமானமே வராது. வழுக்கு என்றால் பிள்ளைகள் அதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். விலகு கோணம் என்று எழுதுங்கள். முன் டயரின் விலகு கோணம் பின் டயருடையதைவிடப் பெரிதானால் குறைதிரும்பல், பின்னுடையது பெரிதானால் மிகுதிரும்பல். ஒரு சொல்லைக் கொண்டு இன்னொன்றை விளக்க முடிகிறது பாருங்கள்.

வேர்ச்சொல் எழுதியது:

விலகு கோணம் சரி. உருள் வேண்டாம், உருள்வது சக்கரம். வளைவில் வண்டியின் உடல் ஒரு பக்கமாகச் சரிவதை உருளல் என்றால் குப்புறக் கவிழ்ந்ததாக நினைப்பார்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து படுப்பதற்கு ஒருக்களித்தல் என்ற அருமையான சொல் வீட்டுப் பேச்சில் இருக்கிறது. ஒருக்களிப்புத் தடுப்புத் தண்டு.

வண்டியின் அச்சு பற்றிப் பேச்சு வந்ததால்: 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்றது குறள் 475. மயிலிறகானாலும் அளவு மீறினால் அச்சு முறியும்.

வாத்தியார் எழுதியது:

ஒருக்களிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் தடுப்பு என்ற பெயரில் ஒரு குறை. 1400 கிலோ வண்டி, எடைமையம் தரையிலிருந்து 500 மி.மீ., இடவலச் சக்கரங்களுக்கு இடையே 1500 மி.மீ. புவியீர்ப்புக்குச் சமமான பக்க முடுக்கத்தில் வளைவில் போனால், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு ஏறத்தாழ 467 கிலோ பாரம் மாறும். தண்டைத் தடித்ததாக மாற்றினாலும் இந்த மொத்தம் அநேகமாக அப்படியே இருக்கும். முன் அச்சில் எவ்வளவு, பின் அச்சில் எவ்வளவு என்ற பங்குதான் மாறும். டயர்மேல் பாரம் இரட்டித்தால் பிடிமானம் இரட்டிக்காது, அதற்குக் குறைவாகவே கூடும். அதனால் அதிகப் பங்கை ஏற்கும் அச்சு பிடிமானத்தில் இழக்கிறது. குறைதிரும்பும் வண்டிக்குப் பின் தண்டைத் தடிப்பாக்குவது இதற்காகத்தான். அதைச் செய்பவர் சாய்வைக் குறைக்க மட்டும் செய்யவில்லை. நான் வகுப்பில் பங்குத்தண்டு என்கிறேன்.

எளியதமிழ் எழுதியது:

பங்குத்தண்டு என்று கடையில் கேட்டால் யாரும் எடுத்துத் தரமாட்டார்கள். குறைதிரும்பலை ஏற்கிறேன், அந்தப் பையனுக்காக. தண்டுக்கு ஆன்டி ரோல் பார் என்றே விடுங்கள். அது வாங்குகிற சாமான், கருத்து இல்லை. சாமானுக்குப் பெட்டியில் அச்சடித்த பெயர்தான் பெயர்.

ஏட்டுவேலை எழுதியது:

வியாழன் இரவு ஆகிவிட்டது. அச்சுக்குப் போவது: கையாளுமை, குறைதிரும்பல், மிகுதிரும்பல், விலகு கோணம், ஒருக்களிப்பு. தண்டை ஒருக்களிப்புத் தண்டு என்று எழுதி, முதல் முறை மட்டும் பக்கத்தில் ஆன்டி ரோல் பார் என்று தமிழெழுத்தில் தருகிறேன். எல்லோருக்கும் நன்றி. வேர்ச்சொல் ஐயா மன்னிக்க வேண்டும், உய்ப்பை என்னால் துணிந்து போட முடியவில்லை.

வேர்ச்சொல் எழுதியது:

மன்னிப்பு எதற்கம்மா. ஆனாலும் என் மறுப்பைப் பதிந்துவைக்கிறேன்: கையாளுமை இரவல் சொல். இரண்டாம் பதிப்பில் உய்ப்பைக் குறைந்தது ஒரு முறையாவது பயன்படுத்திப் பாருங்கள்.

வாத்தியார் எழுதியது:

எட்டாம் அத்தியாயத்தில் டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்ளோ வெளியோ பார்க்கும் அமைப்பு, வருமே, அதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? கால்விரல் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். முன்சக்கரம் இரண்டும் உள்ளே பார்த்தால் உள்நோக்கு, வெளியே பார்த்தால் வெளிநோக்கு என்று நான் சொல்வது வழக்கம்.